ஓடாத தண்ணீர்

தொட்டிகளில் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரின் இரைச்சல் அன்றிரவு அங்கே விருந்துக்கு வந்தவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்றான் அண்ணன். மீன்காட்சிச்சாலை அவனுடையது. உயிரியல் படித்த தங்கைதான் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டாள்.

"நிறுத்தாதண்ணா! ஜெல்லிமீனுக்கு இதயமும் கிடையாது, ரத்தமும் கிடையாது. உடம்புல வந்து படுற தண்ணியிலிருந்துதான் அதுக்கு மூச்சே. தண்ணி ஓடலேன்னா அடியில விழுந்து செத்துடும்."

"ரத்தமே இல்லாதது எப்படிம்மா சாகும்? சும்மா பயமுறுத்தாத."

சிரித்துக்கொண்டே மோட்டாரை நிறுத்தி, அறையைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டான்.

காலையில் அவனிடம் சாவி வாங்கித் திறந்து பார்த்தால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடுகளவிலிருந்து அவள் வளர்த்தவை எல்லாம் தொட்டியின் அடியில் நைந்த துணிபோலக் கிடந்தன. இன்று அவனை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று திரும்பினாள்.

அண்ணன் தன் மகளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தான். தொட்டியைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"அதெல்லாம் தூங்குது செல்லம். வேணும்னா அத்தையக் கேளு."

குழந்தை அவளைப் பார்த்தது.

"ஆமாண்டா கண்ணு, தூங்குது," என்றாள்.

அண்ணன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். அவனைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. அந்தப் பொய்யைச் சொன்ன தன் வாயைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.