மூன்று கிலோ இம்பேக்ட் ரெஞ்ச்

கடையில் அவர் அதைத் தொடக்கூட இல்லை. இடது கையால் மேல் தட்டைக் காட்டி, "அதான் வேணும்" என்றார்.

டத்தோ கிராமாட் பகுதியில் அப்துல் காதர் பாயின் இரும்புச் சாமான் கடை. என் வீட்டுக்காரர் கார்த்திகேசு இருபத்தைந்து வருஷமாக அங்கேதான் ஸ்பானரும் நட்டும் வாங்குகிறார். எங்கள் காரில் ஒர்க்‌ஷாப்காரன் கை பட்டதே கிடையாது. எண்ணெய், பிரேக், டயர் எல்லாம் வாசலில் அவரே பார்ப்பார். கடைக்குப் போன அன்றைக்கு அவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கால் தேறிவிட்டது. வலது கை மட்டும் மடியில் சும்மா கிடக்கிறது. ஒரு வருஷத்துக்குள் விடாமல் பயிற்சி செய்தால்தான் கை திரும்பும், அப்புறம் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதிலிருந்து கார் ரிப்பேரெல்லாம் நான்தான் செய்கிறேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவார், திட்டுவார். நான் கீழே கிடப்பேன். அந்தச் சமயத்தில் பின் டயர் நட்டு துருவேறி இறுகிப்போய், ஸ்பானர் கம்பியின் மேல் ஏறி நின்று மிதித்தும் அசையவில்லை. அதற்காகத்தான் பேட்டரியில் ஓடி நட்டைக் கழற்றும் இம்பேக்ட் ரெஞ்ச் வாங்க வந்தோம்.

பாய் சின்னது ஒன்றை எடுத்து என் பக்கம் வைத்தார். "இது ஒன்றரை கிலோதான் அக்கா. வீட்டுக் காருக்குத் தாராளம். மேல இருக்கிறது மூணு கிலோ, லாரி ரிப்பேர் செய்றவங்க வாங்குறது. அதால முடுக்கினா போல்ட்டே அறுந்துடும்." அப்புறம் பொதுவாகக் கேட்டார். "யாரு பிடிச்சு வேலை செய்யப்போறது?"

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான். வேற யாரு?" என்றார் இவர்.

பாய் அவருடைய கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒயர் சுருள்களைப் பார்த்தேன். அந்தச் சின்னது என் கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. இதையே கட்டுங்க பாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டியவனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று வளர்த்துவிட்டார்கள், என்ன செய்ய? பெரியதைத்தான் வாங்கினோம்.

"கை வந்ததும் எனக்கு அதுதான் லாயக்கு" என்றார் காரில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து அதைத் தூக்கிப் பிடித்தேன். மூன்று கிலோ என்று கடையில் சொன்னது சும்மா இல்லை. ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. சத்தம் வேறு தெருவுக்கே கேட்கும். அந்த நேரம் பார்த்து காமினி போன் பண்ணினாள். காமினி அவருடைய தங்கை, கெலுகோரில் இருக்கிறாள். நான் பாயான் லெப்பாஸ் பேக்டரியில் காலை ஷிப்டு. அதனால் செவ்வாயும் வியாழனும் அவரை ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குக் கூட்டிப்போவது அவள்தான்.

"என்னண்ணே சத்தம்?" என்று கேட்டிருக்கிறாள்.

"கார் செஞ்சுக்கிட்டு இருக்கேன் லா" என்றார் இவர்.

டயருக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் எட்டு மாதமாகக் காணாத ஒரு களை. சரி, ஒரு நாளைக்குத்தானே என்று குனிந்துகொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அண்ணன் கை வந்துவிட்டால் தைப்பூசத்தில் ரதத்துக்கு முன்னால் நூற்றெட்டு தேங்காய் உடைப்பதாகக் காமினி நேர்ந்திருந்தாள். போனில் கேட்டதும் கை வந்துவிட்டதென்றே நம்பிவிட்டாள்; கூட்டிப்போக வந்த நாட்களில், கார் செய்து கை அசந்திருக்கிறது என்று இவர் சமாளித்தாராம். அந்த ஞாயிறுக்குப் பத்தாம் நாள் தைப்பூசம். நூற்றெட்டையும் உடைத்து, வீடியோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டாள். ஆளாளுக்குக் கும்பிடு அனுப்பினார்கள். இவரும் இடது கையால் ஒன்று தட்டிவிட்டார். வேண்டுதல் தீர்ந்தது, அந்த வாரத்தோடு அவள் வருவதும் நின்றது.

போனில் கேட்டேன். "காரே செய்றாரு, இன்னும் என்ன பயிற்சி அண்ணி? முருகன் குடுத்ததைச் சந்தேகப்படக்கூடாது" என்றாள். எதிரே இவர் விரலை வாயில் வைத்துக் காட்டினார். போனை வைத்தேன். கிராப் டாக்சி பிடித்தாவது பயிற்சிக்குப் போங்கள் என்று இவரிடம் கெஞ்சினேன். "கை வந்துட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வாசல்ல யாராச்சும் பார்த்தா?" என்றார். இப்படியே ஐந்து செவ்வாய்க்கிழமை போய்விட்டது. பக்கவாதம் வந்து பத்து மாதம். டாக்டர் சொன்ன கணக்குக்கு இன்னும் இரண்டே மாதம்.

போன ஞாயிறு காமினி தன் காரோடு வந்தாள். முன் பிரேக் கத்துகிறதாம்.

"வச்சிட்டுப் போ, சாயங்காலம் வா" என்றார் இவர்.

"இல்லண்ணே, பார்த்துட்டுத்தான் போவேன். குரூப்புல போடணும் லா." பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு, போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் ஜேக் போட்டு வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணி, உங்களுக்கென்ன, மெக்கானிக் வீட்டுக்குள்ளயே இருக்காரு."

அவர் சிரித்தார். "இவளுக்கு என்ன தெரியும்? நட்டை எந்தப் பக்கம் திருப்பணும்னுகூடத் தெரியாது. சாமான் எடுத்துக் குடுப்பா, அவ்வளவுதான்."

என் மணிக்கட்டில் பட்டை சுற்றியிருந்தது. இரண்டு விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

இம்பேக்ட் ரெஞ்சை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "கழட்டுங்க" என்றேன்.

"ஜெயா" என்றார், மெதுவாக. அதில் கெஞ்சல் இருந்தது. எனக்குப் பாவமாக இல்லை என்று சொல்லமாட்டேன். கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நான் நகரவில்லை.

இடது கையால் தூக்கினார். முனை கீழே தொங்கியது. அடியில் தாங்க வலது கையைக் கொண்டுவரப் பார்த்தார். தோள் மட்டும் ஏறி இறங்கியது. மறுபடியும் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. ரெஞ்ச் நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது.

காமினி போனை இறக்கினாள். "அப்போ இத்தனை நாளும் யாரு..." என்று என் மணிக்கட்டைப் பார்த்தாள். அப்புறம் அழுகிற குரலில், "நான் நூத்தியெட்டையும் உடைச்சிட்டேனே அண்ணி" என்றாள். அண்ணன் கையைவிட அதுதான் அவளுக்கு முதல் கவலை. ஒரு அறை விடலாம் போலிருந்தது.

"செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

தரையில் கிடந்ததை எடுத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, நான்கு நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் நின்றதும், "இப்ப உனக்கு நிம்மதியா?" என்று கேட்டார்.

எனக்கு எப்படி இருக்கிறது என்று இந்தப் பத்து மாதத்தில் அவர் கேட்டது அது ஒரு தடவைதான். டயரைப் பிடித்து வெளியே இழுத்தேன்.