அரை மீசைப் போராட்டம்

உலக மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: எல்லையில் போர் ஓயும்வரை எங்கள் உச்ச நட்சத்திரம் பாதி மீசையோடுதான் நடமாடுவார். இடப்பக்கம் மழித்தாகிவிட்டது. இருபத்தேழு கேமராக்கள் சாட்சி.

நல்ல விஷயம்தான். ஆனால் அப்போது அவர் நடித்துக்கொண்டிருந்தது போர்ப் படம். வேடம், தளபதி. அரை மீசைக்கு எந்தப் பட்டாளம் சல்யூட் அடிக்கும்? ஆகவே தினமும் காலையில் மேக்கப்காரர் மிச்சப் பாதியை ஒட்டுவார். மாலைப் பேட்டிக்கு முன் உரித்துவிடுவார்.

மேக்கப்காரரின் கவலை வேறு. ஒரே மகன் நிஜப் பட்டாளத்தில் இருந்தான். சண்டைக் காட்சிக்கு ஆள் வேண்டும் என்று அவனுடைய படைப்பிரிவையே ராணுவம் இரவல் கொடுத்திருந்தது. படம் முடிந்த மறுநாள் எல்லைக்குப் போக உத்தரவு.

அதனால் மேக்கப்காரர் மீசையை ஒருநாள் ஒரு நூல் ஏற்றி ஒட்டினார். மறுநாள் ஒரு நூல் இறக்கினார். எடுத்த காட்சி எதுவும் எதோடும் சேரவில்லை.

"யோவ், கதவுக்கு வெளிய ஒரு மீசை, உள்ள வந்தா வேற மீசை. முப்பது வருஷமா இதைத்தான் கத்துக்கிட்டியா?" என்றார் இயக்குநர்.

"கை நடுங்குது சார். இன்னொரு தடவை எடுத்துருவோம்."

மகன் நொண்டியபடி வந்தான். "அப்பா, அதே பள்ளத்துல பதினோராவது தடவை சாகுறேன். முட்டி தேஞ்சு போச்சு."

"இங்கயே செத்துக்கிட்டு இருடா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஐந்து வாரம் இப்படியே ஓடியது. ஒரு புதன்கிழமை நட்சத்திரம் நிருபர்களைக் கூட்டினார். பாதி மீசைக்கு உலகம் அசையவில்லையாம். இனி முழுத் தியாகமாம். கையில் ரேசர்.

மேக்கப்காரர் குறுக்கே போய் நின்றார். "வேணாம் சார். பாதியிலதான் சார் ஒரு அழுத்தம் இருக்கு."

நட்சத்திரம் அவரைக் கேமரா பக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டார். "அண்ணே, உங்க பையனுக்காகவும்தான் பண்றேன்."

மழித்தார். கைத்தட்டல் அடங்க நாலு நிமிஷம் ஆனது.

தயாரிப்பாளர் கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டார். "பாதின்னாதான் சார் தொல்லை. முழு மீசைன்னா நான் வரைஞ்சிடுவேன்," என்றார் அவர்.

வரைந்த மீசை ஒரு நூல்கூட நகரவில்லை. எல்லாக் காட்சியும் ஒரே டேக்கில் ஓகே ஆனது.

வெள்ளிக்கிழமை படம் முடிந்தது. சனிக்கிழமை மகன் எல்லைக்குப் போனான்.