மாத்திரையும் ஸ்ட்ராங் டீயும்

இன்னும் எவ்வளவு நேரம் இப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்பது? ஈ நுழைந்தால்கூட, நான்தான் வேண்டுமென்றே வரவழைத்தேன் என்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள் மருமகள்.

மாமியார் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். இரண்டு கன்னங்களின் உட்புறமும் பார்த்தாள். இரும்புச்சத்து மாத்திரை எங்கும் ஒளிந்திருக்கவில்லை. "முழுங்கிட்டாடா" என்று முன்னறைப் பக்கம் திரும்பிச் சொன்னாள். முன்னறைதான் டீக்கடை. பாய்லருக்குப் பின்னால் நின்ற மகன் நிம்மதியாகத் தலையாட்டினான். அவனோடு சேர்ந்து பெஞ்சில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் தலையாட்டினார்கள்.

இந்தச் சோதனைக்கெல்லாம் காரணம், அவளுக்கு ரத்தம் ஏறவில்லை. கிளினிக்கில் மறுபடி மறுபடி விரலில் குத்திப் பார்த்தும் அளவு நகரவில்லை. இப்படியே போனால் பிரசவத்தை இங்கே பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டிவரும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அது பஸ் மாறிப் போகும் தூரம். வலியெடுக்கும் நேரத்தில் தெரியாத முகங்களுக்கு நடுவே கிடக்க அவளுக்கு மனமில்லை.

குமட்டுகிறது, மலம் கட்டுகிறது, பிள்ளை கறுத்துவிடும் என்று ஏதாவது சொல்லி நிறைய பேர் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிறார்களாம். நீயும் அந்தக் கட்சிதானா என்று நர்ஸ் கேட்டாள். அவளுக்கும் குமட்டியது, கட்டியது. ஆனாலும் ஒருநாள் தவறாமல் விழுங்கினாள். விழுங்கியும் யாரும் நம்பாதபோது, ஒருவேளை தனக்கே தெரியாமல் எங்கேயாவது துப்பித் தொலைக்கிறோமோ என்று அவளே தன்னை வேவு பார்க்கத் தொடங்கினாள். இரண்டு நாள் தலையணையைக்கூடத் தூக்கிப் பார்த்தாள்.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும் என்று நர்ஸ் சொன்னதுதான் பெரிய தப்பாகிவிட்டது. அன்றிலிருந்து மாமியார் கழிவறைக்கு வெளியே காவல் இருந்தாள். "தண்ணி ஊத்திடாத, நான் பார்த்துக்கறேன்" என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் வரும். பார்த்தாள். கறுப்புத்தான். மாமியாருக்குக் குழப்பம் அதிகமானது. உள்ளே போவது உண்மை என்றால் அது எங்கே போகிறது? கடைசியில் பிள்ளைதான் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது என்று முடிவுகட்டினாள்.

"அப்படியே அப்பன். தட்டுல ஒண்ணு மிச்சம் வைக்க மாட்டான்."

அடுத்த முறை மூவருமாக கிளினிக்குக் கிளம்பினார்கள். விரலில் குத்தினார்கள். அளவு பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. மாமியார் டார்ச்சையும் கழிவறையையும் சாட்சிக்கு இழுத்து விரிவாகப் பேசினாள். வரிசையில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மாத்திரையை எதோட முழுங்கறே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். முகம் மலர்ந்திருந்தது. "என் கையால டீ போட்டுத் தர்றேன் சிஸ்டர். சும்மா டீ இல்ல, டபுள் ஸ்ட்ராங். மாத்திரைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கும் என்று நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு டீ பக்கமே போகக்கூடாது. "நான் அப்பவே நினைச்சேன்" என்றாள் மாமியார். அவள் எப்போதும் அப்படி நினைத்ததில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவன் இரண்டடி முன்னாலேயே நடந்தான். அவளுக்கோ சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. கோபித்தால் டீ, சமாதானமானால் டீ, பிள்ளை உண்டானது தெரிந்ததும் சொல்லத் தெரியாமல் அவன் நீட்டியதும் டீ. அந்த கிளாஸை அவள் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. அவனையே வேண்டாம் என்பதுபோல இருக்குமே என்று குமட்டலோடு குடித்திருக்கிறாள்.

வரிசையில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாள் காலையே பெஞ்சில் பேச்சு இருந்தது. இந்தக் கடை டீ ரத்தத்தைக் குடிக்கிறதாம் என்றார் தையல்காரர். அதனால்தான் தனக்கு மயக்கமாக வருகிறது என்றார் ஆட்டோக்காரர், இரண்டாவது டீயை உறிஞ்சிக்கொண்டே. உன் பெண்டாட்டியே குடிக்காத டீயை எங்களுக்கு ஊற்றுகிறாயா என்று மூன்றாவது ஆள் கேட்டதும் கணவன் காது சிவந்துவிட்டது.

அவன் உள்ளே வந்தான். கையில் கிளாஸ், அதில் நல்ல நிறத்தில், ஆவி பறக்கும் டீ.

"ஒரே ஒரு மடக்கும்மா. வெளிய வந்து, அவங்க முன்னாடி மாத்திரையைப் போட்டுட்டு ஒரு மடக்கு. கடை மானம் போகுது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பாய்லர் சூட்டில் வியர்த்து, கெஞ்சலாக இருந்தது. அவளுக்கு அவன்மேல் பிரியமாகத்தான் இருந்தது. அது கொஞ்சமும் குறையவில்லை என்பதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

கிளாஸை வாங்கி மேஜைமேல் வைத்தாள். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

"வேண்டாங்க" என்றாள், மாத்திரையை நாக்கில் வைப்பதற்கு முன்.