கை தூக்கிய பொம்மை

தண்ணீர் டேங்க் மேல் ஏறுவதற்கு ராஜாங்கத்துக்கு எந்த அவசியமும் கிடையாது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கீழே பம்ப் ரூமில் இருக்கிற மீட்டரே சொல்லிவிடும். வால்வைத் திறப்பதும் மூடுவதும் தரையில் நின்று செய்கிற வேலை. ஆனாலும் மனுஷன், அறுபதைத் தொடப்போகிற வயதில், தினமும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நூற்று முப்பத்திரண்டு படி ஏறினார். கேட்டவர்களிடம், "மீட்டர நம்ப முடியாதுங்க, கண்ணால பார்த்துடணும்" என்றார். அந்த மீட்டர் பாவம், ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

அவர் ஏறியது போட்டோ எடுக்க.

சென்னையில் வேலை பார்க்கிற மகள் அபி, போன பொங்கலுக்கு வந்தபோது தன் பழைய போனை அப்பாவுக்குக் கொடுத்து, அதில் ஒரு ஆப்பையும் போட்டுக் கொடுத்திருந்தாள். உயரத்திலிருந்து ஒரு தெருவை அந்த ஆப் வழியாகப் பார்த்தால் திரையில் இரண்டு கோடு வரும். கோட்டுக்கு நடுவில் இருப்பது மட்டும் பளிச்சென்று இருக்கும், மேலும் கீழும் மங்கிவிடும். வண்ணத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதும், நிஜத் தெரு கொலு வைத்த மாதிரி ஆகிவிடும். பஸ் தீப்பெட்டி, மரம் பச்சைப் பஞ்சு, மனுஷன் அரிசி உயரப் பொம்மை. "ஆள் ஒருத்தராவது இருக்கணும்ப்பா, அப்பத்தான் பொம்மை ஊரு மாதிரி இருக்கும்" என்று அபி சொல்லிவிட்டுப் போனாள்.

சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்போ, சொல்லி வைத்த மாதிரி இதற்கென்றே கட்டிய ஊர். நூல் பிடித்தாற்போல் தெரு, ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ், வரிசை பிசகாத மரங்கள். இருபத்தொன்பது வருஷமாக வால்வு திருப்பிய கைக்கு அந்த இரண்டு கோட்டை நகர்த்துவது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. தினம் ஒரு படம் அபிக்குப் போகும். அபியிடமிருந்து ஒரு கட்டைவிரல் வரும். சில நாள் "சூப்பர்ப்பா" என்றும் வரும். மனைவி சந்திரகலா போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், பேச்சுக்கு டிவி. அந்தக் கட்டைவிரல் ஒன்றுக்காகத்தான் நூற்று முப்பத்திரண்டு படியும். இதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது, அதனால் மீட்டர் மேல் பழியைப் போட்டார்.

அந்த ஜூன் மாதம் அவருக்கு இன்னொரு காத்திருப்பும் இருந்தது. ஜூலை முப்பத்தொன்றோடு வேலை முடிகிறது. அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். ரிடையர்மென்ட் ஆர்டர் வந்த அன்றே உட்கார்ந்து, சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் இருக்கிற அக்கா பட்டம்மாளுக்கு ஒரு கடுதாசி எழுதினார். அவளிடம் போன் கிடையாது. இருந்திருந்தாலும் பேச வாய் வந்திருக்காது. 'அடுத்த மாசத்தோட வேலை முடியுது. வூட்ட வுட்டுடணும். அதுக்கு முன்ன ஒரு தரம் வந்துட்டுப் போக்கா' என்று மூன்று வரி. அதை எழுத ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்தது.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், சுரங்கத்துக்கு அவர்கள் நிலம் போனபோது, வீட்டுக்கு ஒரு வேலை என்று வந்தது. அந்த நிலத்தில் ஏர் பிடித்து உழைத்தது அக்காவின் புருஷன் கலியன். "வேல மாப்பிள்ளைக்குத்தான்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், சொல்லிக்கொண்டே செத்தும் போனார். ஃபாரம் வந்தபோது பேனா ராஜாங்கத்தின் கையில் இருந்தது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தன் பெயரை எழுதிக்கொண்டார். இவர் பெர்மனென்ட் ஆனார். கலியன் ஊர் ஊராகக் கூலிக்குப் போய், ஐம்பத்தைந்து வயதில் ஓய்ந்து போனார். "உன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாள் பட்டம்மாள். சொன்னபடியே இருந்தாள். சந்திரகலா சாவுக்கும் வரவில்லை. கலியன் சாவுக்கு இவர் போய் ரோட்டோரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

கடுதாசி போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் இல்லை. தினமும் ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கேட்டைத் திறக்குமுன் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். யாரும் வந்துபோன அடையாளம் இருக்காது. வரமாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். தான் அவள் இடத்தில் இருந்தாலும் வந்திருக்கமாட்டேன் என்றும் நினைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை நாலு மணி வெயில் நன்றாக இருந்தது. இன்றைக்குத் தன் வீட்டையே எடுப்போம் என்று தோன்றியது. இன்னும் ஒரு மாதத்தில் அது வேறு யாருடையதோ ஆகிவிடும். டேங்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வேப்பமரத்தை ஒட்டியிருக்கிற வீடு. போனை நீட்டிப் பிடித்தார். வீடு இருந்தது, மரம் இருந்தது, ஆள் இல்லை. ஆள் இல்லாத படம் அபிக்குப் பிடிக்காது. காத்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையிலிருந்து ஒரு பொம்மை வந்தது. கத்திரிப்பூ நிறத்தில் புடவை, தலையில் பச்சையாக ஏதோ சுமை. நேராக வந்து அவர் வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றது. யாரோ கீரைக்காரம்மா என்று நினைத்தார். வந்ததும் வந்தாள், சரியான இடத்தில் நின்றாளே மகராசி என்று சந்தோஷமாக ஒரு படம் எடுத்தார். பொம்மை சுமையை இறக்கித் தரையில் வைத்தது. இன்னொரு படம். பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு பொம்மை வந்து இதனோடு பேசியது. இரண்டும் ஒருசேர டேங்க் பக்கம் திரும்பின. கத்திரிப்பூப் பொம்மை ஒரு கையைத் தூக்கியது. இப்படி ஒரு படம் கேட்டால் கிடைக்குமா? மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. திரையில் பொம்மை ஊர் மறைந்து 'ஃபௌசியா பக்கத்து வீடு' என்று வந்தது. ஃபௌசியா எதற்கு அழைப்பாள் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் வரவில்லை, வந்தால் மஞ்சளாக வருகிறது, இரண்டில் ஒன்று. கட் பண்ணினார். மறுபடி அடித்தது. மறுபடியும் கட் பண்ணினார். அதற்குள் பொம்மை இரண்டாவது தரமும் கை தூக்கி இறக்கிவிட்டது. ஒரு நல்ல படம் போச்சே என்று ஃபௌசியாவைத் திட்டினார்.

பக்கத்து வீட்டுப் பொம்மை எங்கோ வேகமாகப் போய்விட்டது. மற்றது எதிரில் இருக்கிற கல்வெர்ட்டுத் திட்டில் உட்கார்ந்தது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தது. இவரும் மேலே வெயிலில் உட்காராமல் நின்று, கோட்டை அப்படி இப்படி நகர்த்தி, அது மட்டும் பளிச்சென்று தெரிகிற மாதிரி பார்த்துப் பார்த்து எடுத்தார். கடைசியில் அது எழுந்து, சுமையைத் தூக்க முடியாமல் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே போயிற்று. தெரு முடிகிறவரை போனை அதன் கூடவே நகர்த்தி அதையும் எடுத்தார். மொத்தம் பதினொரு படம். கை தூக்கிய படத்தை அபிக்கு அனுப்பினார். 'செம்மப்பா! அந்த கை தூக்குற பொம்மை யாரு? இதுதான் பெஸ்ட்' என்று உடனே பதில் வந்தது. கட்டைவிரல் மூன்று. இறங்கும்போது முட்டி வலிக்கவில்லை.

ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வந்தபோது ஃபௌசியா கேட்டிலேயே நின்றிருந்தாள். கையில் பிள்ளையின் ஸ்கூல் பை.

"என்ன அங்கிள், ரெண்டு தடவ போன் பண்ணேன், கட் பண்ணிட்டீங்க?"

"தண்ணிதானம்மா? ஆறு மணிக்குத் தொறந்துடுவாங்க."

"தண்ணி இல்ல அங்கிள். உங்களத் தேடி ஒரு அம்மா வந்தாங்க. வயசானவங்க. பெரிய பலாப்பழம் ஒண்ணு தூக்கிட்டு வந்தாங்க. எங்க வீட்ல வந்து உக்காருங்கன்னேன், வேணாம்மான்னுட்டாங்க. தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சாங்க."

ராஜாங்கம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் டேங்க்க காட்டி, அதோ நிக்கிறாரு பாருங்கன்னு சொன்னேன். கை ஆட்டுனாங்க. நீங்களும் இந்தப் பக்கம்தான பார்த்துட்டு இருந்தீங்க? இறங்கி வருவாருன்னு சொல்லிட்டு நான் பிள்ளையக் கூப்பிட ஓடிட்டேன். வந்து பார்த்தா ஆளக் காணோம். யாரு அங்கிள் அது?"

அவர் டிவிஎஸ் மொபெட்டை எடுத்தார். பஸ் ஸ்டாண்டில் சேத்தியாத்தோப்பு வண்டி ஐந்து மணிக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கேயே ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தார். பதினொரு படத்தையும் முதலிலிருந்து பார்த்தார். முதல் படம் நாலு ஒன்பது. கடைசிப் படம் நாலு ஐம்பத்து நாலு. முக்கால் மணி நேரம். கீரைக் கட்டு என்று நினைத்தது பலாப்பழம். சுமையை இறக்கும்போது இடது தோளைச் சாய்த்து இறக்குகிறாளே, அப்படி இறக்குகிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அதைக்கூட அவர் பளிச்சென்று எடுத்து வைத்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள் ஞாயிறு. முதல் வண்டி பிடித்துப் போனார்.

பட்டம்மாள் வீட்டுக்கு முன்னால் சாக்கை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தாள். அதே பழம். இவரைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. ராஜாங்கம் வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றார்.

"ரெண்டு தரம் கை ஆட்டுனேன்" என்றாள், பழத்தைப் பார்த்துக்கொண்டே.

"நீன்னு தெரியலக்கா."

"என் பக்கம்தான பார்த்துகினு நின்ன. கையில எதையோ மூஞ்சிக்கு நேரா தூக்கிப் புடிச்சிகினு."

"போட்டோ எடுத்துகினு இருந்தேன்."

"யார, என்னியவா?"

ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். வேறு வழி தெரியாமல் போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து நீட்டினார். அவள் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து வாங்கினாள். கிட்டே வைத்தும் எட்ட வைத்தும் பார்த்தாள்.

"பொம்மையாட்டம் இருக்கு" என்றாள். பிறகு, "கை தூக்குனதுகூட நல்லாத் தெரியுதே" என்றாள்.

"இப்பதான்க்கா தெரியுது. அப்பத் தெரியல. மெய்யாலும்."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "உன் வூட்டு வாசப்படிய நான் மிதிக்கல. வெளியதான் நின்னேன். நீ எறங்கி வந்து வாக்கான்னு ஒரு வார்த்த சொன்னா மிதிக்கலாம்னுதான் வந்தேன். மாமன் போனப்புறம் எனக்கும் யாரு இருக்கா."

"இப்ப கூப்புடுறேன், வாக்கா. போலாம்."

"அந்த வைராக்கியத்த ஒரு தரம்தான்டா எறக்கி வைக்க முடியும். நேத்து எறக்கி வச்சி, திரும்பத் தூக்கிகினு வந்துட்டேன்." அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

பத்து பன்னிரண்டு சுளையை எடுத்து இலையில் சுற்றிக் கொடுத்தாள். "அபி வந்தா குடு" என்றாள். அபி தீபாவளிக்குத்தான் வருவாள் என்று அவர் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால், ரோட்டோரம் வரைக்கும் வந்து பட்டம்மாள் நின்றுகொண்டிருந்தாள், அதே கத்திரிப்பூப் புடவையில். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். வண்டி கொஞ்ச தூரம் போனதும் எழுந்து நின்று மறுபடியும் ஆட்டினார். வளைவு திரும்புகிறவரை அவள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.