தொள்ளாயிரத்து அறுபது ஓட்டை

ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே கூடாரம் போடக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. வைத்திருந்தால் என் மச்சினனின் கூடாரம் பிழைத்திருக்கும்.

நான் தையல்காரன். மனைவியின் தம்பியான மச்சினன் கணக்கு வாத்தியார். லீவு கிடைத்தால் முதுகில் மூட்டையோடு மலையேறிவிடுவான். "ஜிப் சிக்குது மாமா, மாத்திக் குடுங்க" என்று கூடாரத்தைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனான். மாற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தரையில் இடமில்லை என்று துணி வெட்டும் மேசைமேல் அதை நிமிர்த்தி, உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டு, மலை உச்சியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கொஞ்சம் நடுங்கியும் பார்த்தேன். தலைக்கு மேலே 'சர்ர்ர்' என்றது. நிஜமாகவே காற்று வந்தது.

பட்டன் வைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, உச்சிக்குப் போயாச்சா?"

மூன்று வருடமாக நான் அவனிடம் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான்: என்னையும் ஒரு தடவை கூட்டிப் போ. ஒரு தடவை "மழை" என்பான். ஒரு தடவை "உங்க முட்டி" என்பான். மற்றபடி "பார்க்கலாம் மாமா". நான் ஷூகூட வாங்கிவிட்டேன். காலுக்குப் பழகட்டுமே என்று அதைப் போட்டுக்கொண்டே மிஷினை மிதித்ததில், ஒருவர் பேண்ட்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை அவன் மறுபடி கிளம்புகிறான். இந்த நேரம் பார்த்துக் கூடாரத்தைக் கிழித்து வைத்தால் கூட்டிக்கொண்டா போவான்?

ஆகவே தைத்தேன். இரண்டடிக் கிழிசலுக்கு நாலு வரிசை, நெருக்கமாக. கல்யாணக் கோட்டுக்குக்கூட நான் அப்படித் தைத்ததில்லை.

சாயங்காலம் வந்தவன் தையலைத் தடவிப் பார்த்தான், உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறான்.

"அங்குலத்துக்கு எத்தனை தையல் மாமா?"

"பத்து!" என்றேன் பெருமையாக.

"இருபத்துநாலு அங்குலம், பத்து, நாலு வரிசை. ஒரே ஒரு கிழிசல் இருந்துச்சு. இப்ப தொள்ளாயிரத்து அறுபது ஓட்டை இருக்கு."

"நூல் அடைச்சிக்கும் மாப்ள!"

"சரி வாங்க, சோதிச்சிடுவோம்."

மாடியில் கூடாரத்தை விரித்து இருவரும் உள்ளே உட்கார்ந்தோம். மனைவி வெளியே ரப்பர் குழாயோடு நின்றாள். இருபது வருடக் கோபத்தையும் ஒரே குழாயில் திறந்துவிட்டாள் போல. அப்படி ஒரு மழை.

முதல் சொட்டு என் மூக்கில். அடுத்தது அவன் கண்ணாடியில். அப்புறம் எண்ண முடியவில்லை. என் கைத்திறமை முழுவதும் ஒரே சீராக, அங்குலத்துக்குப் பத்தாக, எங்கள்மேல் ஒழுகியது.

"தையல் நேரா இருக்கு மாமா," என்றான் அவன். "தண்ணி வரிசையா வருது பாருங்க."

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்மேல் சாய்ந்தான்.

"போதுமா, இன்னும் வேணுமா?" வெளியிலிருந்து மனைவி.

"இன்னும் ஊத்துக்கா!" என்று கத்தினான் வாத்தியார்.

இனி கெடுவதற்கு எதுவும் இல்லை என்ற தைரியத்தில் கேட்டேன். "மழை, முட்டி எல்லாம் வேணாம் மாப்ள. என்னை ஏன் கூட்டிட்டுப் போக மாட்டேங்கற? நேரா சொல்லு."

கண்ணாடியைக் கழற்றி ஈரச் சட்டையிலேயே துடைத்தான்.

"நீங்க ரொம்பப் பேசுவீங்க மாமா. வகுப்புல நாப்பத்திரண்டு பேர் தினமும் என் காதைத் தின்னுறாங்க. சத்தமில்லாம இருக்கத்தான் நான் மலைக்கே போறேன்."

நான் வாயைத் திறந்தேன். ஒரு சொட்டு உள்ளே போனது. மூடிக்கொண்டேன்.

"ஆனா இப்படிச் சிரிச்சு எனக்கு ரொம்ப நாளாச்சு. இந்த ஓட்டைய ஒட்டுறதுக்கு டேப் இருக்கு, நான் பார்த்துக்கறேன். சனிக்கிழமை காலைல அஞ்சு மணி பஸ்ஸு, வந்துடுங்க. ஏறும்போது உங்களுக்குப் பேச மூச்சே இருக்காது. இறங்கும்போது எவ்வளவு வேணா பேசிக்கங்க, கேக்கறேன்."