ஏழு பெட்டியும் ஒரு கெரேகெரேயும்

“உன் ரூம்ல ஒண்ணு இருக்கா இல்லியா? அதைச் சொல்லு மொதல்ல!”

“எது?” நூலகர் சலோத்தே முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால், பாய் போர்த்திய குளிர்பெட்டி கர்ர்ரென்றது.

கேள்வி கேட்ட அறிவியல் ஆசிரியை லேவத்து தாளில் ஏழு என்று எழுதினாள். அதில் ஒன்று அவளுடையது, கடைசியாகத்தான் எண்ணினாள். தொண்ணூறு பேர் படிக்கிற கல்லூரிக்கு ஏழு குளிர்பெட்டிகள்! கூரையில் போடப்போகும் சோலார் தகடுகள் விளக்கு, விசிறி, கணினிகளோடு ஒரே ஒரு பெட்டியைத்தான் தாங்கும். அதற்கு மேல் ஒன்று ஓடினாலும் டீசல் ஜெனரேட்டரை நிறுத்த முடியாது. கல்லூரியைக் கார்பன் இல்லாமல் ஆக்க அவள் இரண்டு வருடமாகப் போட்ட திட்டம் அம்போ.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஆறை நிறுத்திக் காட்டும்மா. இல்லேன்னா புது ஜெனரேட்டருக்கு எழுதிப் போட்டுடுவேன்” என்று முதல்வர் சொல்லிவிட்டார்.

லேவத்து எல்லோரையும் கூட்டினாள். “எல்லார் மீனையும் சமையக்கட்டுப் பெட்டியிலயே வச்சா என்ன?”

சமையல்காரர் விலிகேசா விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கு அத்தான் முறை. கேலி பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. “நாலு பேர் கண்ணுல படறாப்ல மீனை வச்சா, சாயங்காலத்துக்குள்ள பத்து பேரு கெரேகெரேன்னு வந்து நிப்பான். அப்புறம் நீ வெறும் மரவள்ளிக்கிழங்கைத்தான் கடிச்சுக்கிட்டு உக்காரணும், மச்சினி!”

எல்லோரும் தலையாட்டினார்கள். ‘கெரேகெரே’, அதாவது ‘எனக்குக் கொடேன்’ என்று ஒருவர் கேட்டுவிட்டால், இருப்பதை இல்லை என்று சொல்ல அந்தத் தீவில் யாருக்கும் வாய் வராது. அதனால்தான் ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு பூட்டு.

வீட்டுக்குப் போகிற வழியில் லேவத்து சட்டென்று நின்றாள். திரும்பி நேரே நூலகத்துக்கு நடந்தாள்.

“சலோத்தே, கெரேகெரே.”

“என்னடி வேணும்? மீனா?”

“பெட்டி.”

சலோத்தே பெட்டி மேலிருந்த பாயை உருவிப் போட்டாள். “அடிப்பாவி! இப்படிக் கேப்பேன்னு தெரிஞ்சிருந்தா கதவையே திறந்திருக்க மாட்டேனே... எடுத்துத் தொலை!”

புதன்கிழமை மதியத்துக்குள் அவளுடையதோடு சேர்த்து ஏழும் லேவத்துவின் கைக்கு வந்துவிட்டன. விலிகேசாவும் முனகிக்கொண்டே கொடுத்தார். வெளியே வந்த மீனும் பன்றிக்கறியும் வீணாகக் கூடாதே! அன்று சாயங்காலமே குழி வெட்டி, கல்லைச் சுட்டு, லோவோ என்கிற குழியடுப்பு போட்டார்கள். கல்லூரியே வந்து உட்கார்ந்தது.

வாய் நிறைய மீனோடு விலிகேசா கையை நீட்டினார். “மச்சினி, கெரேகெரே. சமையக்கட்டுக்கு ஒரு பெட்டி குடு.”

“எடுத்துக்கோ அத்தான்!” அவர் கேட்டு முடிப்பதற்குள் கொடுத்துவிட்டாள்.

அதைப் பார்த்து சலோத்தே தொண்டையைச் செருமினாள். “அப்படின்னா எனக்கும்...”

“இரு இரு. கேக்கறதுக்கு முன்னால தோட்டத்தைப் போய்ப் பாத்துட்டு வா.”

போய்ப் பார்த்தாள். மெக்கானிக் குளிர்வாயுவைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்ட ஆறு பெட்டிகளும் மூடியில்லாமல் வரிசையாகக் கிடந்தன. உள்ளே மண், மண்ணில் சேப்பங்கன்று. முதலாவதில் எழுதியிருந்த லேவத்துவின் பெயர் இன்னும் அழியவில்லை.

“கெழங்கு விளையட்டும், கெரேகெரே கேளு. குடுக்கறேன்” என்றாள் லேவத்து.

“நாசமாப் போக!” என்று சலோத்தே சிரித்தாள்.

முதல்வர் விரலைச் சப்பிக்கொண்டே கேட்டார்: “இப்ப எத்தனைம்மா ஓடுது?”

“ஒண்ணு சார்.”

ஜெனரேட்டருக்காக எழுதி வைத்திருந்த கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ஒரு முறை படித்தார். பெரிய மீன் துண்டாகப் பார்த்து அதில் வைத்து மடித்தார்.

“வீட்டுல கேப்பாங்க” என்றார்.