திருக்காட்டுப்பள்ளிக்குப் போன நீலத் தார்ப்பாய்

"மேடம், ரெங்கசாமி ஐயாவுக்குக் காலையில போன பார்சல்ல என்ன இருந்துச்சு?"

குணசேகரனின் குரலே சரியில்லை. செவ்வந்தி நிமிர்ந்தாள்.

"தார்ப்பாய். பொங்கலுக்கு எல்லா வாடிக்கையாளருக்கும் அதான். ஏன்?"

"போச்சு!"

பூதலூரில் இரண்டு அறுவடை மெஷின்களை வாடகைக்கு விடுகிறவள் செவ்வந்தி. குணசேகரன் அவளுடைய மேனேஜர். நாற்பது ஏக்கர் ரெங்கசாமிதான் இருப்பதிலேயே பெரிய வாடிக்கை. இந்த வருஷம் சேலத்து மெஷின்காரர் ஒருவர் வெள்ளித் தட்டோடு போய் அவரைப் பார்த்திருந்தார். அறுப்பு யாருக்கு என்று இன்று சொல்வதாகப் பேச்சு.

"அறுப்புக்குப் பன்னெண்டு நாள் இருக்கு. இப்பப் போய்த் தார்ப்பாய் கொடுத்தா, மழைக்குப் பத்திரிகை வச்ச மாதிரி மேடம்! அவரு பல்லி கத்தினாலே மோட்டார் போடாத மனுஷன்."

ஆபீஸ் திறப்புக்கு யாரோ தந்த பித்தளை விளக்கு அலமாரியில் இருந்தது. தார்ப்பாய்க்குப் பதிலாகக் கொடுக்க அதைப் பையில் திணித்தாள். ஸ்கூட்டர் பறந்தது.

திருக்காட்டுப்பள்ளி. ரெங்கசாமி வீட்டுக் கூடத்து மேஜையில் பார்சல். பிரிக்கவில்லை!

"வாங்க, வாங்க. என்னங்க இது, இந்தக் கனம் கனக்குது?" என்றார் ரெங்கசாமி.

"ஐயா, அது... பார்சல் மாறி வந்துருச்சு. எடுத்துட்டுப் போயிடுறேன்."

"வீட்டுக்கு வந்ததைத் திருப்பி அனுப்புற பழக்கம் இங்க இல்லம்மா."

சொன்னது அவர் மனைவி பிரகதாம்பாள். கையில் கத்தரிக்கோல். சரக்!

நீலம் தரையில் சரிந்தது. ரெங்கசாமியின் முகம் இருண்டது.

"தார்ப்பாயா? கதிர் இன்னும் வயல்ல நிக்குது. அதுக்குள்ள மழைக்குச் சொல்லி அனுப்புறீங்களா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. செவ்வந்தி அதை விழுங்கினாள்.

"போன வருஷம் கொள்முதல் நிலையத்துல உங்க மூட்டையெல்லாம் நனைஞ்சப்ப நானும் அங்க நின்னேங்க. வேட்டியை அவுத்துப் போர்த்தாத குறையா ஓடினீங்க. கடையில விளக்கு, கடிகாரம் எல்லாம் பார்த்தேன். உங்க மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. இதை வாங்கிட்டேன்."

பிரகதாம்பாள் தார்ப்பாயை வாசலுக்கு இழுத்துப் போய், உச்சி வெயிலில் உதறி விரித்தாள். ஒரு கூடை மிளகாயைக் கொட்டிப் பரப்பினாள்.

"பாருங்க. முதல் உபயோகமே வெயிலுக்கு. இனிமே இது வெயிலுக்கு வந்த சாமான். மழை எங்க வந்துச்சு இதுல?"

ரெங்கசாமி வானத்தைப் பார்த்தார். மிளகாயைப் பார்த்தார்.

"அப்படியும் வச்சுக்கலாம்தான்..." தாடையைச் சொறிந்தார். "அந்த வெள்ளித் தட்டை வச்சு எதை மூடுறது? பன்னெண்டாம் நாள் விடிகாலை ரெண்டு வண்டியும் வந்துடணும்."

"வந்துடும் ஐயா!"

"பையில என்னம்மா?" என்றாள் பிரகதாம்பாள்.

"விளக்குங்க. அது சும்மா..."

"வீட்டுக்கு வந்ததைத் திருப்பி அனுப்புற பழக்கம்தான் இங்க இல்லையே!"

விளக்கு உள்ளே போய்விட்டது.

தெருமுனையில் போன் அடித்தது. குணசேகரன். "மேடம், மீதிப் பத்துத் தார்ப்பாயையும் கடையில திருப்பிக் கொடுத்துடவா?"

"வேணாம், அனுப்புங்க. ஒவ்வொண்ணுக்குள்ளேயும் ஒரு கிலோ மிளகாய் வச்சு."

"மிளகாயா? எதுக்கு மேடம்?"

"காய வைக்கத்தான்!" என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பினாள் செவ்வந்தி.